முதல் சுற்று ஏன் பின்பக்கம்?

மரமும் மிருகமும் மனிதரோடு பேசிய அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. உழுகிற கொழு, "முன்னால கல்லு கிடக்குது, கொஞ்சம் தூக்கிப் பிடி" என்று உழவனிடம் சொல்லும். கிணற்று உருளை, தண்ணீர் இவ்வளவு கீழே போய்விட்டதே என்று காலையும் மாலையும் அலுத்துக்கொள்ளும். கதவைத் தட்டுகிறவர் யார் என்று வீட்டாருக்கு முன்பே தாழ்ப்பாள் கேட்டுவிடும். ஆனால் இரும்பிலேயே அதிகம் பேசியவை போல்ட்டும் நட்டும்தான். மற்ற இரும்பெல்லாம் ஒற்றை ஆள். இவை இரண்டு பேர். பேச்சுத் துணைக்கு எப்போதும் பஞ்சம் இல்லை.

தூவான மலையின் உச்சியில் மேல்காடு என்று ஓர் ஊர். அங்கே பாவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். மேல்காட்டுக்கும் அடிவாரத்து ஆலங்கரைக்கும் இடையே ஓடிய ஒரே காரைப் பழுது பார்க்கிறவள் அவள். ஓட்டுகிறவன் அவள் புருஷன் ரங்கண்ணன். அந்தக் கார் எந்த நாட்டுக் கார் என்று கேட்டால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். காரின் கூடு இங்கிலாந்துச் சீமையிலிருந்து வந்தது. முன் ஆக்சிலும் ஸ்டீரிங்கும் ஓர் அமெரிக்கக் காரில் இருந்து கழற்றியவை. கியர் பெட்டி வேறொரு தேசத்தது. அதன் சொந்தக் கார் பள்ளத்தில் உருண்டு கிடந்தபோது, மாடு கட்டி இழுத்து மேலே கொண்டு வந்தார்கள். மலையின் மழையும் கல்லும் ஒவ்வொரு காராகத் தின்று தீர்க்க, மிச்சம் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓட வைத்திருந்தாள் பாவாத்தாள்.

அதனால் அவளுடைய கொட்டகையில் எந்நேரமும் சந்தை இரைச்சல். ஆணி டின்னுக்குள் மூன்று தேசத்துப் போல்ட்டுகளும் நட்டுகளும் கிடந்து வாயாடும்.

சீமைக் கூட்டம் நிதானமானது. அதன் மரையில், அதாவது உடம்பைச் சுற்றி வெட்டிய திருகுத் தடத்தில், மேடும் பள்ளமும் மழையில் கரைந்த குன்றுகள் போல உருண்டு இருக்கும். அதற்கான ஸ்பேனருக்குப் பெயர் வைத்தவர்கள் போல்ட்டின் உடம்புத் தடிமனை அளந்து பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கூட்டம் அவசரக் கூட்டம். அதன் மரை கூராக ஏறும். உச்சியில் சீவிவிட்டது போலத் தட்டையாக நிற்கும். அதன் ஸ்பேனருக்குப் பெயர், தலையின் அகலத்தை அளந்து வைத்தது. ஆகவே பாவாத்தாள், "அரை அங்குலம் எங்க?" என்று குரல் கொடுத்தால் இரண்டு ஸ்பேனர்கள் ஒரே நேரத்தில் "இங்க!" என்று கத்தும். சீமைக்காரனின் வாய் பெரிது, அமெரிக்காக்காரனின் வாய் சிறிது. இரண்டும் அரை அங்குலம் என்று சத்தியம் செய்யும். இரண்டு சொல்வதும் உண்மைதான். மூன்றாவது கூட்டம் மில்லிமீட்டர்க் கூட்டம். அது அங்குலம் என்ற சொல்லையே காதில் வாங்காது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மயிரிழை பிசகாமல் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்பது போல உட்கார்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. பொருந்தாத நட்டைப் போல்ட்டின் நுனியில் வைத்தாலே இரண்டும் சேர்ந்து, "இது இல்ல, இது இல்ல!" என்று கூச்சல் போடும். எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். இரும்பின் சொல்லை மீறி முறுக்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் வந்ததில்லை. தாய் வேண்டாம் என்று சொன்ன பிறகு தொட்டிலை ஆட்டுவார்களா? அது போலத்தான்.

வேலை ஓய்ந்த நேரங்களில் பாவாத்தாள் ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அடியிலிருந்து உச்சிவரை அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஏறும் ஒற்றைப் பாதை. விரல் நீளம்கூட இல்லாத இரும்பில் அப்படி ஒரு பாதையை வெட்ட வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ! நேராகப் போனால் ஒரே இழுப்பில் பிரிந்துவிடுகிற இரண்டு இரும்புகள், சுற்றிப் போனதால் மட்டும் ஒரு காரையே தாங்கிப் பிடிக்கின்றன. நினைக்க நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறியும்.

"என்ன புள்ள, மறுபடியும் ஆணியைப் பார்த்துக்கிட்டு உக்காந்துட்டியா?" என்பான் ரங்கண்ணன்.

"நீங்களும் பாருங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவனும் வாங்கிப் பார்ப்பான். கண் சுழலும். "சோறு ஆறுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான்.

கொட்டகைச் சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு சீமைப் போல்ட்டும் அதன் நட்டும் ஒன்றாக இருந்தன. மலை ஏறி வந்த முதல் காரோடு வந்தவை. ஒரே உலையில் காய்ந்து, ஒரே கையால் மரை வெட்டப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய நாள் முதல் அவை பிரிந்ததே இல்லை. அந்தக் கார் செத்த பிறகு பாவாத்தாள் அவற்றை டின்னில் போட மனமில்லாமல் மாடத்தில் வைத்திருந்தாள். கப்பலில் வந்த கதையைப் போல்ட்டு சொல்லும். "அலை இல்ல அது, காத்து" என்று நட்டு திருத்தும். போல்ட்டு கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாது. பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கப்பல் புறப்படும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. ஒரு நாள் காலையில் ஆலங்கரையிலிருந்து ஏறி வந்த கார், கொட்டகை வாசலுக்கு வந்ததும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பாவாத்தாள் கோணிப்பையை விரித்து அடியில் படுத்துப் பார்த்தாள். ஸ்டீரிங்கின் கம்பியை முன் சக்கரத்தின் கையோடு பிணைக்கும் போல்ட்டின் நட்டு இரண்டாக வெடித்திருந்தது. போல்ட்டு கம்பியோடு ஒன்றாக அடித்தது, அதைத் தனியே மாற்ற முடியாது. இன்னும் ஒரு வளைவு வந்திருந்தால் சக்கரம் ஒரு பக்கமும் ஸ்டீரிங் ஒரு பக்கமும் போயிருக்கும்.

"என் ஆளு போயிட்டான், அம்முணி" என்றது அந்த அமெரிக்கப் போல்ட்டு. அவ்வளவு சத்தமாகப் பேசுகிற கூட்டத்தில் பிறந்த அதன் குரல் அன்றைக்கு மழைச் சத்தத்தில் கேட்கவே சிரமமாக இருந்தது.

"அழுவாத. கீழ சந்தையில சொல்லிவெச்சு வேற ஆளு கொண்டாரேன்" என்றாள் பாவாத்தாள்.

அவள் அடியிலிருந்து எழுந்து வரும்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி நின்றுகொண்டிருந்தாள். மழை அவள் முதுகில் விழுந்து கோடுகோடாக வழிந்தது. அவள் ஊருக்குள் வருகிற வழக்கமே இல்லை.

"என்னங்க பெரியம்மா?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

"ஏரிக்கரை விரிசல் விடுது, புள்ள" என்றாள் யானை. "கால் வெச்சுப் பாத்தேன். உள்ளுக்குள்ள மண்ணு குழையுது. பொழுது சாயறதுக்குள்ள உடைஞ்சிரும்."

மேல்காட்டுக்குப் பக்கத்தில், மலை உச்சியில் கிடந்தது அந்த ஏரி. உடைந்தால் தண்ணீருக்குப் பள்ளத்தாக்கு நேர்வழி. அதன் வாயில்தான் ஆலங்கரை. அன்றைக்குச் சந்தை நாள். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் ஆற்றோரத்தில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும். பாவாத்தாளின் அக்கா செல்லாத்தாளும் அங்கேதான் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

"நீங்க போய்ச் சொல்ல முடியாதுங்களா?"

"குட்டிகளை மேட்டுக்கு ஏத்தணும். எங்க நடைக்கு நாங்க ஆலங்கரை போய்ச் சேர்றப்ப, சொல்றதுக்கு அங்க ஆள் இருக்காது. உங்க வண்டி ஓடுமே, அதான் வந்தேன்." சொல்லிவிட்டு யானை திரும்பினாள். அவள் போன தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

ரங்கண்ணன் மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் டின்னைத் தரையில் கவிழ்த்திருந்தாள்.

"அமெரிக்கா, அரை அங்குலம், நட்டு! யாராச்சும் இருக்கீங்களா?"

டின்னில் இருந்தவை எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. சின்னது இருந்தது, பெரியது இருந்தது, மில்லிமீட்டர் இருந்தது. அது மட்டும் இல்லை. அவள் கதவுக் கீலைப் பார்த்தாள், பழைய இஞ்சினைப் பார்த்தாள், கூரைத் தகரத்தைப் பிடித்திருந்த ஆணிகளைக்கூடக் கேட்டாள். எல்லாம் இல்லை இல்லை என்றன.

"கம்பி வெச்சுக் கட்டிட்டுப் போலாமா?" என்றான் ரங்கண்ணன்.

"ரெண்டு வளைவு தாங்காதுங்க."

அப்போது மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தடிமன் ஒண்ணுதான், அம்முணி."

சீமை நட்டு பேசியது.

"வாயை மூடு" என்றது அதன் போல்ட்டு.

"அவனும் அரை அங்குலம், நானும் அரை அங்குலம். உள்ளதைத்தானே சொல்றேன்."

காருக்கு அடியிலிருந்து அமெரிக்கப் போல்ட்டு கத்தியது. "தடிமன் ஒண்ணா இருந்து என்ன பண்ண? மரை வேற! ஒரு அங்குலத்துக்கு எனக்குப் பதிமூணு மேடு, உனக்குப் பன்னெண்டு. ரெண்டு சுத்து நல்லா வருவே. அப்புறம் நான் உன்னைக் கடிப்பேன், நீ என்னைக் கடிப்பே."

"தெரியும்" என்றது நட்டு.

பாவாத்தாள் மாடத்தின் அருகே போனாள். "கடிச்சா என்ன ஆகும், சீமையாரே?"

"இரும்புக்குப் பேச்சு மரையிலதான் இருக்குது. மரை போனா வாய் போயிரும். ஆனா கடிச்ச கடி இருக்குது பாரு, அது லேசுல விடாது. மலை இறங்குற வரைக்கும் இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அதுக்கப்புறம் என்னைக் கழட்ட யாராலயும் ஆகாது."

 பேசாமல் இருக்கத் தெரியாத டின்கூட வாயடைத்துக் கிடந்தது. இரும்பு தானாக விரும்பியும் சாகும் என்பது அங்கிருந்த மனிதர் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

"உங்களைக் கேட்க எனக்கு வாய் வரலைங்க" என்றாள் பாவாத்தாள்.

"நீ எங்க கேட்டே? நான்தானே சொன்னேன்" என்றது நட்டு. பிறகு அடியில் இருந்தவனைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டது.

"என் ஆளே போயிட்டான். இனி யார்கூடப் பேசப் போறேன்? வா" என்றது அமெரிக்கப் போல்ட்டு.

சம்மதம் சொல்ல மிச்சம் இருந்தது ஒரே ஆள், நட்டின் ஜோடியான சீமைப் போல்ட்டு. பாவாத்தாள் மாடத்துக்கு முன் கை கட்டி நின்றாள்.  ரங்கண்ணன் வாசலுக்குப் போய் மேலே மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அவனும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் போல்ட்டு, "ஸ்பேனர் வேண்டாம். கையாலயே கழட்டு" என்றது.

அவள் கையால் கழற்றினாள். கப்பலில் ஏறி, கடல் தாண்டி, மலை ஏறி வந்தும் பிரியாத நட்டு, எண்ணெய் பூசியது போல வழுக்கிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொண்டன என்பது அவளுக்குக் கேட்டது. அதை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

காருக்கு அடியில் சேறும் தண்ணீரும் முதுகை நனைக்க, பாவாத்தாள் நட்டை அமெரிக்கப் போல்ட்டின் நுனியில் வைத்தாள். வழக்கமாக இரண்டும் கூச்சல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவள் விரலுக்கு இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"ஸ்பேனர்" என்றது நட்டு.

சீமை அரை அங்குல ஸ்பேனர் அழுதுகொண்டே, "நான் மாட்டேன்" என்றது.

"வாடா. தெரிஞ்ச நீ இருக்கறப்ப தெரியாத கை எதுக்கு?" என்றது நட்டு.

அவள் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகினாள். குழாயை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஆக்சிலில் உதைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தாள். இரும்பின் மரையை மீறி மனிதக் கை முறுக்கிய முதல் முறுக்கு அது. அப்போது எழுந்த ஓசையைப் பாவாத்தாள் அதற்கு முன் கேட்டதில்லை. பல்லைக் கடிப்பது போல, பாறை பிளப்பது போல, அதற்குள்ளே எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்குவது போல. அவள் கை தானாகத் தளர்ந்தது.

"நிறுத்தாத" என்றது நட்டு. "இன்னும். இன்னும் கொஞ்சம், அம்மு..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். குழாய் அசையாமல் நின்றபோது கண்ணைத் திறந்தாள். போல்ட்டும் நட்டும் ஒரே இரும்பாக இறுகிக் கிடந்தன. அவள் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அழைத்தால் பதில் வராது என்று தெரிந்தது.

"ஏனுங்க, எடுங்க வண்டியை!" என்று அடியிலிருந்தே கத்தினாள்.

கார் இறங்கியது. பாவாத்தாள் பக்கத்து இருக்கையில் மண்டியிட்டு, கதவுக்கு வெளியே உடம்பைச் சாய்த்து, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ரங்கண்ணன் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினான். ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் சொன்ன பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்குள் மேகம். மழை பாதையை ஓடையாக்கியிருந்தது. ஓரிடத்தில் பாதையே பாதி சரிந்து கிடந்தது. மிச்சம் இருந்த விளிம்பில் கார் ஏறியபோது முன் சக்கரம் ஒரு கல்லில் இடித்துத் துள்ளியது. ரங்கண்ணனின் கையிலிருந்து ஸ்டீரிங் உருவிக்கொண்டு சுழன்றது. அவ்வளவுதான் என்று பாவாத்தாள் நினைத்தாள்.

சக்கரம் விழுந்தது. நேராக நின்றது. ரங்கண்ணன் ஸ்டீரிங்கைப் பாய்ந்து பிடித்தான்.

"பிடிச்சிருக்குதா?" என்று கத்தினான்.

"பிடிச்சிருக்குதுங்க!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கட்டைவிரல் பருமன் இல்லாத இரும்பு. அதன்மேல் கார். காருக்குள் இரண்டு உயிர். அந்த இரண்டு உயிரை நம்பி ஒரு சந்தை முழுக்க ஜனம். அவள் மழையில் நனைந்த கையை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆலங்கரையில் மழை தூறலாக இருந்தது. சந்தை இரைந்துகொண்டிருந்தது. ரங்கண்ணன் ஹார்னை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. ஜனம் திரும்பிப் பார்த்தது.

கீரைக்கட்டை வைத்துவிட்டுச் செல்லாத்தாள் ஓடி வந்தாள். "என்னடி இந்தக் கோலம்? சேத்துல விழுந்துட்டியா?"

"ஏரி வருது, அக்கா! மேல ஏறச் சொல்லு! எல்லாரையும் பாறைக்கு ஏறச் சொல்லு!"

"ஏரி எப்படிடி வரும்?"

"கரை உடையுது. யானை வந்து சொன்னா!"

யானை சொன்னாள் என்றதும் யாரும் மறு பேச்சுப் பேசவில்லை. யானை பொய் சொன்னதாக அந்த வட்டாரத்தில் கதைகூடக் கிடையாது. தராசு அப்படியே கிடந்தது, மூட்டை அப்படியே கிடந்தது. பிள்ளைகளைத் தூக்கியவர்கள் பிள்ளைகளோடும், கிழவர்களைத் தூக்கியவர்கள் கிழவர்களோடும் ஊருக்கு மேற்கே இருந்த பெரிய பாறையில் ஏறினார்கள். ஆடு மாடுகளை அவிழ்த்துவிட, அவை தாமே வழி கேட்டுக்கொண்டு ஏறின. நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு கார் பாறையின் சரிவில் போய்வந்தது, போய்வந்தது. கடைசி நடையில் அது மேலேறி நின்றபோது மலை முனகியது.

முதலில் காற்று வந்தது. பள்ளத்தாக்கின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று, ஈர மண் வாசனையோடு. அப்புறம் பறவைகள் கலைந்து, "வருது வருது" என்று தலைக்கு மேலே பறந்தன. அதற்குப் பிறகு தண்ணீர் வந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்லவே யாருக்கும் வாய் வரவில்லை. சிவந்த மலை ஒன்று எழுந்து நடந்து வருவது போல இருந்தது. அதன் தோளில் முழு மரங்கள் நின்றபடியே வந்தன. சந்தைத் திடல் இருந்தது; பிறகு இல்லை.  குழந்தைகள்கூட அழ மறந்து வாயைப் பிளந்து பார்த்தன.

ஓர் உயிரும் போகவில்லை.

ஜனம் தன்னை எண்ணிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறோம் என்று தெரிந்ததும் ரங்கண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதது. பாவாத்தாளைத் தேடினார்கள். அவள் காருக்கு அடியில் கிடந்தாள்.

"சீமையாரே, எல்லாரும் பொழச்சுட்டாங்க. கேட்குதுங்களா?"

 ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அது சொன்ன சொல் அப்படியே நின்றது.

வெள்ளம் வடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் காரைப் பாறையிலேயே விட்டுவிட்டு மலையேறினார்கள்.  கொட்டகைக்குள் நுழைந்ததும் மாடத்திலிருந்து, "வந்துட்டானா?" என்று குரல் கேட்டது.

அவள் காலியான உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"ஊரு?" என்றது போல்ட்டு.

"ஊரு ஜனம் எல்லாரும் இருக்காங்க. ஒரு உசுரு போகலைங்க."

"சரி" என்றது போல்ட்டு.

அதுதான் அது பேசிய கடைசிச் சொல். அதன் பிறகு டின் பேச்சை நிறுத்தியது. ஸ்பேனர்கள் நிறுத்தின. கதவுக் கீல், கூரை ஆணி, அரிவாள், உருளை, கொழு என்று மேல்காட்டில் தொடங்கிய மௌனம் மலை இறங்கி, ஆலங்கரை தாண்டி, உலகத்து இரும்பு முழுவதையும் போய்ச் சேர்ந்தது. துக்கத்தால் வாயை மூடிக்கொண்டது என்று ஜனம் பேசிக்கொண்டது. பாவாத்தாளுக்கு வேறு ஒன்று தோன்றியது. தன் சொல்லை மீறியும் முறுக்க முடியும் என்று மனிதருக்குத் தெரிந்துவிட்டது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இரும்பு நினைத்திருக்கும்.

அவள் நினைத்தபடியே நடந்தது. பழுது பார்க்கிறவர்கள் எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு என்று தெரியாமல் தடுமாறினார்கள். பார்வைக்கு ஒன்றாக இருப்பவை கைக்கு வேறாக இருந்தன. குழாயைச் செருகி இழுத்தால் எதுவும் ஏறிவிடும் என்ற செய்தி மட்டும் ஊருக்கு ஊர் பரவியிருந்தது. இழுத்தார்கள். ஏறியது. ஆனால் எதுவும் நிற்கவில்லை. ஓடுகிற காரில் சக்கரம் கழன்றது, இஞ்சின் எண்ணெயைக் கக்கியது, நடுப்பாதையில் போல்ட்டு முறிந்தது. தானாக மனம் ஒப்பி வந்தது அந்த ஒரு நட்டுத்தான். மற்றவற்றை யாரும் கேட்கவில்லை, அவையும் பிடிக்கவில்லை.

பாவாத்தாள் வேலையை விட்டுவிட்டாள். அவளால் முடியவில்லை. ஒரு நட்டை எடுத்து முறுக்கும் பக்கமாகத் திருப்பப் போனால் அந்த ஓசை காதில் கேட்கும், கை நின்றுவிடும்.

தை பிறந்து வெயில் வந்த ஒரு காலையில், துருப் பிடித்துவிடக் கூடாதே என்று மாடத்துப் போல்ட்டை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசினாள். தனியாக அதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பழைய இரும்பில் கிடந்த ஒரு நட்டை எடுத்து வந்தாள். அது சீமையா, அமெரிக்காவா என்று தெரியாது. போல்ட்டின் நுனியில் அதை வைத்தாள். முறுக்க வேண்டிய பக்கம் கை போகவில்லை. எனவே எதிர்ப்பக்கம் திருப்பினாள். கழற்றுகிற பக்கம். உன்னை மீறி நான் வரமாட்டேன், இதோ பின்னால்தான் போகிறேன் என்று சொல்வது போல, மிக மெதுவாக.

டிக்.

அவள் மூச்சுவிடாமல் நின்றாள். விரல் நுனியில் ஏதோ ஒரு மயிரிழை இறங்கியது போல இருந்தது. மறுபடியும் பின்பக்கமாகவே ஒரு சுற்றுச் சுற்றினாள். அதே இடத்தில் மறுபடியும், டிக்.

பாதை தொடங்கும் வாசல் அது. நட்டின் மரை நுனி போல்ட்டின் மரை நுனியைத் தாண்டிப் படியிறங்கி நிற்கும் இடம். அங்கிருந்து அவள் முன்பக்கமாகத் திருப்பினாள். நட்டு, ஸ்பேனர் இல்லாமல், பலம் இல்லாமல், வெறும் இரண்டு விரலுக்குத் தண்ணீர் ஓடுவது போல அடிவரை ஓடியது. சீமைதான். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு நட்டை வைத்தாள். பின்பக்கம் சுற்றினாள். டிக் என்றது. முன்பக்கம் திருப்பினாள். இரண்டு சுற்று வந்து விரலைத் தடுத்தது. அவள் உடனே நிறுத்தி, கழற்றி, அதை அமெரிக்கக் கூட்டத்தில் வைத்தாள்.

"ஏனுங்க!" என்று கத்தினாள். "இங்க வாங்க! சத்தம் போடாம வாங்க!"

ரங்கண்ணன் பதறி ஓடி வந்தான். அவள் அவன் தலையைப் பிடித்துப் போல்ட்டின் பக்கம் சாய்த்து, நட்டைப் பின்னால் சுற்றினாள்.

டிக்.

அவன் முகம் மாறியது. "என்ன சொல்லுது?" என்று கேட்டான், குரலைத் தாழ்த்தி.

"வான்னு சொல்லுதுங்க" என்றாள் பாவாத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து எண்ணெய்க் கையில் விழுந்தது.

அவளிடமிருந்து அது அடுத்த கொட்டகைக்குப் போனது, அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போனது. அந்த நாளிலிருந்துதான், பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிற எந்த மெக்கானிக்கும் நட்டை வைத்தவுடன் ஸ்பேனரை எடுப்பதில்லை. வெறுங்கையால் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, தலையைச் சாய்த்து, இரும்பு அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும்வரை காத்திருக்கிறார்.